மீன் வண்டி கேபினில் துரு: எதைப் பார்த்தால் எங்கே வெட்டுவது

எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 1992 மாடல் டாடாமொபைல் பிக்கப். 1988-இல் இந்த ரகம் முதன்முதலில் வந்தபோது லாரிக்கும் காருக்கும் நடுவில் இப்படி ஒன்று நம் ஊருக்குப் புதுசு. சென்னையில் காசிமேட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றுவதற்காக அப்பா வாங்கினார், விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் திரும்பி வருகிற ஓட்டம், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். எஞ்சின் இன்றைக்கும் ஒரே செல்ஃபில் எழுந்துவிடும். போனது கேபின்தான். ஒரு பக்கம் கடல் காற்று, மறுபக்கம் மீன் கூடையிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர், இது போதாதென்று வீட்டு போர்வெல் தண்ணீரில் தினமும் கழுவல். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் ஏறிய கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அந்தத் தண்ணீரிலேயே வண்டியைக் கழுவினால் அது உப்புக் குளியல் என்று எங்களுக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

இதே மாதிரி ஒரு பழைய பிக்கப்பை வைத்துக்கொண்டு, கிரைண்டரும் சின்ன வெல்டிங் மெஷினும் இருந்தால் வீட்டிலேயே தகடு மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். மாற்றலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் அதற்கே திரும்பி வருவேன்: துரு கண்ணில் படும் இடத்தில் அது பிறந்திருக்காது. தண்ணீர் எந்த வழியாக வந்து எங்கே உட்காருகிறது என்று பார்க்காமல் தகடு மாற்றினால், இரண்டு மழைக்காலத்தில் புதுத் தகடும் அதே இடத்தில் ஓட்டையாகும். எங்களுக்கு ஆனது.

வேலைக்கு முன்னால் சில விஷயங்கள். பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றி, பேட்டரியையே இறக்கி வையுங்கள். சீட்டு, தரையில் விரித்த மேட்டு, ரூஃப் துணி, வெல்டிங் நடக்கும் பக்கத்து வயரிங் எல்லாம் வெளியே வர வேண்டும், சீட்டு ஸ்பாஞ்சில் ஒரு பொறி விழுந்தால் புகையைப் பார்ப்பதற்குள் கேபின் பற்றிக்கொள்ளும். டீசல் டேங்கும் அதன் குழாயும் பிரேக் குழாயும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று படுத்துப் பார்த்து சாக்பீஸில் குறித்துக்கொள்ளுங்கள். ஈரக் கோணி, ஒரு வாளி தண்ணீர், தீயணைப்பான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்தபின் அரை மணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள். தெருவில் வைத்துச் செய்கிறீர்கள் என்றால் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டுங்கள். வெல்டிங் வெளிச்சத்தை வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு அன்றைக்கு ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரியும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது, கிளம்பும் புகை விஷம்.

கேபினில் சேஸிஸ் நம்பர் தகடு எங்கே அடித்திருக்கிறது என்று பார்த்து போட்டோ எடுத்து வையுங்கள். அந்தத் தகட்டையோ, சேஸிஸில் குத்திய நம்பரையோ வெட்டுவதும் வேண்டாம், அதன் மேல் தேய்ப்பதும் வேண்டாம். எஃப்.சி.யில், அதாவது தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது, பதில் சொல்ல முடியாமல் நிற்பீர்கள்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

கேபின் பின்மூலையில் பெயிண்ட் கொப்புளம், விரல் நகம் அளவுக்கு

கொப்புளம் நகம் அளவு என்றால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். துரு உள்பக்கமிருந்து வெளியே வருகிறது, வெளிப் பெயிண்ட் கடைசியாகத்தான் தோற்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் கொப்புளத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கிண்ணென்று சொல்லும், போன தகடு அட்டைப்பெட்டி மாதிரி மொத்தென்று சொல்லும். துணி சுற்றிய காந்தம் ஒன்றும் வேண்டும். காந்தம் பிடிக்காத இடத்தில் பள்ளத்தை நிரப்பிப் பூசிய பழைய பட்டி இருக்கிறது, யாரோ ஏற்கெனவே அங்கே வேலை பார்த்து மறைத்திருக்கிறார்கள். பழைய வண்டியில் இது சகஜம், வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போகும் முன் பட்டி பூசி ஸ்ப்ரே அடித்துவிடுவார்கள். எங்கள் வண்டியில் இடது மூலையிலிருந்து உரித்த பட்டி ஒரு அங்குலக் கனம், அதற்குள் செய்தித்தாள் வேறு.

இந்த மூலை ஏன் முதலில் போகிறது? கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவே நாலு விரல் சந்து இருக்கிறது. தொட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர், மண், மீன் செதில் எல்லாம் அங்கே தங்குகிறது. உள்ளே பார்த்தால் மூலைத் தகடு ஒரு பை மாதிரி, கீழே ஒரே ஒரு சின்ன வடிகால் துளை. வேப்பிலையோ மண்ணோ அதை அடைத்துவிட்டால் பைக்குள் தண்ணீர் நிற்கும். அதனால் கிரைண்டரைத் தொடுவதற்கு முன் அந்தத் துளையில் கம்பியை விட்டுக் குத்துங்கள். மண்ணும் பழுப்புத் தண்ணீரும் கொட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. தொட்டியின் முன்சுவரில் ஒழுகும் இடத்தையும் சரி செய்தாக வேண்டும். நாங்கள் ஒரு ரப்பர் தட்டி வைத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் இறக்கிவிட்டோம்.

மேட்டைத் தூக்கினால் தரை எப்போதும் ஈரம்

இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் படிக்கிறார்கள். தரையில் ஓட்டை இருக்கிறது, சாலைத் தண்ணீர் மேலே அடிக்கிறது என்று நினைத்துத் தரையை வெட்டிப் புதுத் தகடு வைப்பார்கள். பெரும்பாலும் தண்ணீர் மேலிருந்து வருகிறது. முன் கண்ணாடி ரப்பரின் கீழ் விளிம்பு, வைப்பருக்குக் கீழே காற்று நுழையும் பெட்டி, கதவைச் சுற்றிய ரப்பர் பீடிங், மூன்றில் ஒன்று. அங்கிருந்து டேஷ்போர்டின் உள்சுவர் வழியாக இறங்கி மேட்டுக்கு அடியில் தேங்கும், மேட்டின் சணல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெயில் காலத்தில்கூடக் காயாது.

கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். மேட்டை எடுத்துவிட்டுத் தரையிலும் உள்சுவரிலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிடுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், மற்றவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். மேலிருந்து ஊற்றாதீர்கள், எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிட்டால் எது ஒழுகுகிறது என்றே தெரியாது. கதவின் கீழ் விளிம்பில் தொடங்கி, ஐந்து ஐந்து நிமிடம் நிறுத்தி நிறுத்தி, வைப்பர் பெட்டிக்கு ஏறி, கண்ணாடியின் கீழ் விளிம்பு, கடைசியில் மேல் விளிம்பு. பவுடரில் தண்ணீர் கோடு போடும், கோட்டைப் பிடித்து மேலே போனால் வாய் தெரியும்.

எங்கள் வண்டியில் கோடு வைப்பர் பெட்டியின் இடது மூலைக்குப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதால்தான் தரை போனது என்று அப்பா விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிட்டது. வைப்பர் பெட்டி வருஷக்கணக்காக ஒழுகியிருக்கிறது.

கண்ணாடி ரப்பர்தான் காரணம் என்றால் சீலன்ட் பிதுக்கி மூடிவிட வேண்டாம். ரப்பருக்கு அடியில் கண்ணாடியைத் தாங்கும் தகட்டு விளிம்பே அரித்திருக்க வாய்ப்பு அதிகம், மேலே மூடினால் உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். கண்ணாடியை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். முன் கண்ணாடியைக் கழற்றத் துணிச்சல் இல்லையென்றால் கண்ணாடி மாட்டும் கடைக்காரரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், அந்தக் காசு வீண் இல்லை.

கதவு தொங்குகிறது, தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது

கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்து முனையைத் தூக்கி இறக்குங்கள். இன்னொருவர் கீலைப் பார்க்கட்டும். கீலின் முள்ளில் ஆட்டம் தெரிந்தால் முள்ளும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன, சின்ன வேலை. கீல் அசையாமல், கீல் மாட்டியிருக்கும் தூணின் தகடே மூச்சு விடுகிற மாதிரி உள்ளே வெளியே போய்வந்தால் தூண் உள்ளே போயிருக்கிறது. தூணின் அடிப்பகுதியும் கதவுப் படியின் முன் முனையும் சேரும் இடத்தைத் தட்டிப் பாருங்கள், பத்துக்கு ஒன்பது வண்டியில் அங்கேதான்.

இங்கே அவசரம் வேண்டாம். படி என்பது கால் வைக்கும் தகடு மட்டும் இல்லை, அது பெட்டி மாதிரி மடித்த தகடு, கேபினின் நீளத்தை நேராக வைத்திருப்பதே அதுதான். வெட்டி எடுத்தால் கேபின் அரை அங்குலம் தொய்ந்துபோகும், அப்புறம் எந்தக் கதவும் சாத்தாது. அதனால் வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு அங்குலச் சதுரக் குழாயை இரண்டு மூலைவிட்டமாகவும் ஒன்று நேராகவும் டேக் (சின்ன வெல்டிங் புள்ளி) அடித்துக் கட்டுங்கள். மூலைவிட்ட அளவுகளை எழுதி வையுங்கள். வண்டி சமதரையில் நாலு சக்கரத்திலும் நிற்க வேண்டும், ஒரு மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கிய நிலையில் அளந்தாலோ வெட்டினாலோ கோணலான கேபினை அப்படியே நிரந்தரமாக்கிவிடுவீர்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கம்.

ஸ்பீடு பிரேக்கரில் கேபின் தனியாகக் குதிக்கிறது, கீழே டொக் என்ற சத்தம்

கேபின் சேஸிஸின் மேல் ரப்பர் வைத்து போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் நசுங்கியிருந்தால் மாற்றினால் போதும். போல்ட் உட்காரும் தரைத் தகடு போயிருந்தால் வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்திருக்கும். அந்த இடத்துக்குத் தரைத் தகட்டின் கனம் போதாது, 2 மி.மீ. தகட்டில் உள்ளங்கை அளவு தட்டு வெட்டி வைக்க வேண்டும். மரக்கட்டை வைத்து ஜாக்கியால் கேபினைத் தாங்கிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங் மட்டும் கழற்றுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஸ்டியரிங்கும் பெடலும் கேபினில்தான் மாட்டியிருக்கின்றன.

வெட்ட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை

வயர் கப் போட்டுப் பெயிண்டை எடுத்துக்கொண்டே போங்கள். தகடு வெள்ளியாகப் பளிச்சென்று வந்து, கறுப்புக் குழிப் புள்ளி ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து இன்னும் ஒரு அங்குலம் தள்ளிக் கோடு போடுங்கள். குழிப் புள்ளி உள்ள தகட்டில் வெல்டிங் நிற்காது, ஊதிக்கொண்டு போகும். முடிந்தவரை மடிப்புக்குப் பக்கத்தில் வெட்டுங்கள், சப்பையான பரப்பின் நடுவில் வேண்டாம். மடிப்பு சூட்டைத் தாங்கும், சப்பை வளைந்துவிடும்.

கம்பெனி ஸ்பாட் வெல்டிங் போட்ட விளிம்புகளைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும். பெயிண்டை எடுத்தால் வட்ட வட்டமாகக் குழி தெரியும். சென்டர் பஞ்ச் அடித்து, ஸ்பாட் கட்டர் கிடைத்தால் அதில், இல்லையென்றால் 8 மி.மீ. டிரில்லில் மேல் தகட்டை மட்டும் துளைத்துவிட்டு மெல்லிய உளியால் பிரியுங்கள். அடித் தகடு பிழைத்தால் புதுத் தகடு உட்கார ஓர் அளவு கிடைக்கும்.

வெட்டி எடுத்த பழைய துண்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எவ்வளவு அழுகியிருந்தாலும் அதுதான் உங்கள் பேட்டர்ன்.

புதுத் தகடு எங்கே கிடைக்கும், கிடைத்தாலும் உட்காரவில்லை

வெளிநாட்டில் பழைய ஃபோர்டு, செவ்ரோலே பிக்கப்புகளுக்கு மூலை, படி, தரை எல்லாம் அச்சில் அழுத்திய தகடாகவே விற்கிறார்கள். நமக்குப் புதுப்பேட்டையில் தேடினால் பழைய வண்டியிலிருந்து வெட்டிய துண்டு கிடைக்கலாம், ஆனால் அதுவும் சென்னை வண்டிதான், காந்தமும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு போங்கள். மிச்சத்தை நாமே மடிக்க வேண்டும். தகடு சி.ஆர். தகடாக, அதாவது சூடாக்காமல் உருட்டி மெலிதாக்கிய இரும்புத் தகடாக இருக்கட்டும். வெளித் தகட்டுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ., தரைக்கும் படிக்கும் 18 கேஜ், சுமார் 1.2 மி.மீ. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே என்று வாங்கி வந்து வெல்டிங் வைப்பவர்கள் இருக்கிறார்கள். துத்தநாகப் புகை மூச்சில் போனால் சாயங்காலம் குளிர் ஜுரம் வரும், வெல்டிங்கும் பொத்தலாக விழும். வேண்டாம்.

பழைய காலண்டர் அட்டையில் பேட்டர்ன் வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்து, மடிப்புக் கோடுகளைக் குறித்து, அதை எடுத்துக்கொண்டு தகடு மடிக்கும் பட்டறைக்குப் போனால் நேர் மடிப்புகளை மெஷினில் நொடியில் போட்டுத் தருவார்கள். வளைவுகளை வீட்டில் மணல் மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டி எடுக்கலாம். வண்டித் தொழிற்சாலையில் தகடு பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன மாமா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார், "தம்பி, தகட்ட மாத்தறதுக்கு முன்னாடி அட்டைய மூணு தடவ மாத்து" என்றார். நான்கு தடவை மாற்றினேன், தகடு ஒரே தடவையில் உட்கார்ந்தது.

உட்காரவில்லை என்றால் உடனே தகட்டை வெட்டாதீர்கள். முதலில் மூலைவிட்டத்தை மறுபடி அளங்கள். அளவு மாறியிருந்தால் தவறு தகட்டில் இல்லை, கேபின் நகர்ந்திருக்கிறது. அளவு சரியென்றால் தகட்டைக் கிரிப் பிளையரிலும் ஸ்க்ரூவிலும் தற்காலிகமாகப் பிடித்து, கதவை மாட்டிச் சாத்திப் பாருங்கள். கதவைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக 4, 5 மி.மீ. வந்த பிறகுதான் வெல்டிங் மெஷினைத் தொட வேண்டும். கதவு இல்லாமல் படியை வெல்டு பண்ணி முடித்துவிட்டு, பிறகு கதவை மாட்டப்போய் மறுபடி வெட்டியவர்களை எனக்குத் தெரியும்.

டேக் அடித்தால் ஓட்டை விழுகிறது

ஆர்க் வெல்டிங் ராடு என்றால் விழத்தான் செய்யும், இந்தக் கனத்துக்கு அது ஏற்றதில்லை. கேஸ் வெல்டிங்கில் கை தேர்ந்த டிங்கர் அண்ணன்கள் இதே தகட்டை வெண்ணெய் மாதிரி ஒட்டுவார்கள், ஆனால் சூடு பரவும், கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும். வீட்டுக்கு மிக் மெஷின்தான் சரி, ராடுக்குப் பதில் மெல்லிய வயரும் அதைச் சுற்றிக் காக்கும் வாயுவும் துப்பாக்கி வழியாக வரும். வயர் 0.8 மி.மீ. போதும், 0.6 கிடைத்தால் இன்னும் நல்லது. 0.9 தகட்டுக்கு 40 முதல் 60 ஆம்ப் வரை வைத்து, வண்டியிலிருந்து வெட்டிய நல்ல துண்டு இரண்டை ஒட்டிப் பழகிய பிறகு வண்டிக்குப் போங்கள். வீட்டு 5 ஆம்ப் பிளக்கில் மாட்டாதீர்கள், 15 ஆம்ப் லைன் வேண்டும்.

ஓட்டை இன்னும் விழுகிறதென்றால் மூன்றைப் பாருங்கள்: இடைவெளி தகட்டின் கனத்தைவிட அதிகமா, தகட்டில் துரு மிச்சமிருக்கிறதா, ஒரே இடத்தில் நீளமாக ஓட்டுகிறீர்களா. ஒரு நொடிப் புள்ளிதான் டேக். விழுந்த ஓட்டையை மூட அதன் பின்னால் தட்டிச் சப்பையாக்கிய செம்புக் குழாயை அழுத்திப் பிடித்து மேலே புள்ளி வையுங்கள், இரும்பு செம்பில் ஒட்டாது, ஓட்டை மூடிக்கொள்ளும்.

வெல்டிங் ஜல்லடை மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கிறது

ஆம்ப்பை மாற்றி, வயரை மாற்றி, மெஷினையே சந்தேகப்பட்டு ஒரு வாரம் போனது எனக்கு. காரணம் கடல் காற்று. காலையில் நன்றாக விழுந்த வெல்டிங் மதியத்துக்கு மேல் பொத்தலாகிறது என்றால் அதுதான், மதியம் கிழக்கிலிருந்து காற்று கிளம்பி வெல்டிங்கை மூடிக் காக்க வேண்டிய வாயுவைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. வெல்டிங் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், கிழக்குப் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். அதற்காகக் கதவை மூடிய அறைக்குள் போகாதீர்கள், அந்த வாயு கார்பன் டை ஆக்சைடு, தரையோடு தங்கும், மூச்சு முட்டும். காற்று இல்லாமலும் பொத்தல் வந்தால் பெயிண்ட், எண்ணெய், துரு, மூன்றில் ஒன்று தகட்டில் மிச்சம்.

வெல்டிங் முடிந்ததும் தகடு அலை அலையாக இருக்கிறது, அழுத்தினால் டப் டப் என்கிறது

அவசரம்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்கினால் பக்கத்துத் தகட்டை இழுக்கும். முதல் டேக்குகளை ஒரு அங்குலத்துக்கு ஒன்றாக, ஒரு முனை, மறு முனை, நடு என்று தாவித் தாவி வையுங்கள். அப்புறம் அவற்றுக்கு நடுவே ஒவ்வொன்றாக. இரண்டாவது புள்ளி வைக்கும் முன் முதல் புள்ளியைக் கையால் தொட முடிய வேண்டும். இரண்டடி ஒட்டுக்கு ஒரு காலைப் பொழுது முழுக்க ஆகும், ஆகட்டும். ஈரத் துணி போட்டு அவசரமாகக் குளிர வைப்பதை நான் விட்டுவிட்டேன், தானாக ஆறுவதே நல்லது.

ஏற்கெனவே அலை விழுந்துவிட்டது என்றால் வெல்டிங்கைத் தகட்டு மட்டத்துக்குத் தேய்த்துவிட்டு, பின்னால் டாலி (கையில் பிடிக்கும் கனமான இரும்புக் கட்டை) வைத்து, வெல்டிங் கோட்டின் மேல் மட்டும் சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். சுருங்கினது வெல்டிங் கோடு, அதைத் தட்டி நீட்டினால் அலை தானே இறங்கும். பக்கத்துச் சப்பையைத் தட்டினால் அதுவும் நீண்டு இன்னும் மோசமாகும். பின்னால் கை போகாத இடத்தில் ஒட்டு வருகிற மாதிரி வெட்டாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒட்டு எந்த மாதிரி என்று கேட்பார்கள். வெளித் தகட்டில் விளிம்புக்கு விளிம்பு. ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் சுலபம்தான், ஆனால் நடுவில் ஒரு சந்து கிடைக்கிறது, அதில் தண்ணீர் போகும், நாம் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம். தரையில் ஏற்றி ஒட்டுவதாக இருந்தால் மேல் தகட்டில் 8 மி.மீ. துளைகள் போட்டு அவற்றை நிரப்பி வெல்டு பண்ணி, இரண்டு பக்கமும் ஸீம் சீலன்ட் கட்டாயம்.

ராத்திரி பளபளவென்று விட்ட தகடு காலையில் ஆரஞ்சு

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. காற்றிலேயே உப்பும் ஈரமும் இருக்கிறது, சும்மா விட்ட தகடு ஒரு ராத்திரி தாங்காது. அன்றைக்கு எவ்வளவு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு இடத்தை மட்டும் அன்றைக்குச் சுரண்டுங்கள். வேலையைத் தை முதல் பங்குனி வரைக்குள் வைத்துக்கொள்வது நல்லது, ஐப்பசி கார்த்திகையில் கேபினைத் திறந்து போடவே கூடாது.

ஆரஞ்சு விழுந்துவிட்டால் எமரி பேப்பரில் தேய்த்து எடுத்தால் போதும். குழிகளில் கறுப்பாக மிச்சமிருந்தால் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. அதைத் தகட்டிலேயே காயவிட்டு மேலே எபாக்சி பிரைமர் அடித்தால் பிரைமர் பிடிக்காது, ஆசிட் போகக் கழுவி, துடைத்து, ஹேர் டிரையரில் உடனே காயவைத்து, மறுபடி லேசாகத் தேய்த்த பிறகே அடிக்க வேண்டும். கழுவுவது மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீரில். போர்வெல்லில் கழுவினால் உப்பை நாமே பூசிவிட்டு அதன் மேல் பிரைமர் அடிக்கிறோம், பெயிண்டுக்கு அடியில் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்று மாதத்தில் பட்டி வெடிக்கிறது, கொப்புளம் திரும்பி வருகிறது

எங்கள் முதல் வேலை இப்படித்தான் போனது. ஒரு பட்டறையில் கொடுத்தோம், ஓட்டையின் மேலேயே ஒரு தகட்டை வைத்து நாலு மூலையில் டேக் அடித்து, மேலே பட்டி பூசி, பார்க்கப் புது வண்டி மாதிரி கொடுத்தார்கள். ஐப்பசி மழை வந்ததும் மூலை மறுபடி வீங்கியது. பட்டி ஈரத்தை உறிஞ்சும், பின்னால் திறந்திருக்கும் ஓட்டையிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருந்தால் அது தகட்டை விட்டுக் கிளம்பிவிடும். ஓட்டையை மூடும் வேலை வெல்டிங்கினுடையது. பட்டியின் வேலை மேடு பள்ளத்தை நிரப்புவது, அதுவும் 3 மி.மீ.க்குள்.

நான் இப்போது செய்யும் வரிசை: சுத்தமான தகடு, இரண்டு கலவை எபாக்சி பிரைமர், அதன் மேல் பட்டி, மறுபடி பிரைமர், பெயிண்ட். ரெட் ஆக்சைடை மட்டும் அடித்துவிட்டு மழையில் நிறுத்தாதீர்கள், அது ஈரத்தை உள்ளே விடும், மேலே பெயிண்ட் இல்லாமல் அது காவல் இல்லை. நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், எங்களுக்கு அதே பழைய வெள்ளை போதும்.

எல்லாம் முடிந்த பிறகு மழையில் மடிப்பிலிருந்து பழுப்புக் கோடு வழிகிறது

முதல் மழையிலேயே பயப்பட வேண்டாம். கிரைண்டர் தூள் உள்ளே தங்கியிருந்தாலும் பழுப்பாகத்தான் வரும். துடைத்துவிட்டு, உள்ளே நல்ல தண்ணீர் விட்டு அலசி, அடுத்த மழையைப் பாருங்கள். அதே கோடு அதே இடத்தில் வந்தால் உள்பக்கம் பூச்சு இல்லை, வெல்டிங்கின் பின்புறம் எரிந்துபோன பிரைமர் எரிந்தபடியே இருக்கிறது. படி, மூலை, தூண் எல்லாம் பெட்டிகள், மூடிய பிறகு பிரஷ் போகாது. பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, வடிகால் துளை வழியாக நீளக் குழாய் விட்டு உள்ளே மெழுகுப் பூச்சு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் அடித்துவிடாதீர்கள், பற்றிக்கொள்ளும். அடித்து முடித்ததும் துளைகளில் கம்பி விட்டுப் பாருங்கள், மெழுகோ சீலன்ட்டோ துளையை அடைத்துக்கொண்டால் பழைய கதை மறுபடி ஆரம்பமாகும். அடியில் தார்ப் பூச்சு கனமாகப் பூசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது ஒரு இடத்தில் விரிசல் விட்டால் போதும், உள்ளே ஈரம் புகுந்து வெளியே தெரியாமல் தின்றுவிடும்.

எங்கள் வண்டியின் இடது பக்கம் ஒரு மழைக்காலத்தை முழுசாகப் பார்த்துவிட்டது. நல்ல மழை கொட்டிய ஒரு காலையில் மூலைக்கு அடியில் படுத்து வடிகால் துளையில் விரலை வைத்துப் பார்த்தேன், தண்ணீர் தெளிவாக வந்தது, விரலில் கொஞ்சம் மெழுகு ஒட்டியது. அப்பாவும் குனிந்து பார்த்துவிட்டு, வலது பக்கம் எப்போது என்று கேட்டார். அதற்கு அட்டை வெட்டி வைத்திருக்கிறேன், பொங்கல் கழிந்ததும் தகடு மடிக்கக் கொடுக்க வேண்டும்.